வால்வைத் திறந்து வைக்கும் கைகளுக்கு ஒரு சான்றிதழ் வேண்டும்

அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் ஒன் மெரிடியன் பிளாசா என்ற 38 மாடி அலுவலகக் கட்டடம் இருந்தது. 1991 பிப்ரவரி 23, சனிக்கிழமை இரவு அதன் 22ஆவது மாடியில் தீப்பிடித்தது. மரவேலைக்குப் பயன்படுத்திவிட்டு விட்டுச்சென்ற, ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணிகள் தாமாகவே சூடேறிப் பற்றிக்கொண்டதுதான் காரணம். தீயணைப்பு வீரர்கள் மேலே ஏறினார்கள், கட்டடத்தின் குழாயில் ஹோஸை மாட்டினார்கள். தண்ணீர் வந்தது, பீய்ச்சி அடிக்கப் போதிய அழுத்தம் வரவில்லை. குழாயில் இருந்த அழுத்தக் குறைப்பு வால்வுகளைத் தவறான அளவில் வைத்திருந்தார்கள். தீ மாடி மாடியாக மேலே போனது. மூன்று வீரர்கள் உயிரிழந்தார்கள். சுமார் 19 மணி நேரம் எரிந்த அந்தத் தீ, 30ஆவது மாடிக்கு வந்தபோது நின்றது. அந்த மாடியில், சூடேறினால் தானாகத் திறந்து தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் பொருத்தியிருந்தார்கள். பத்தே பத்து ஸ்பிரிங்க்ளர் ஹெட்கள் திறந்துகொண்டு, அதற்குமேல் போகவிடாமல் தீயை மடக்கிவிட்டன.

ஒரே கட்டடம், ஒரே இரவு. வால்வைச் சரியாக வைக்கத் தெரியாத ஒரு கையும், ஹெட்டைச் சரியாகப் பொருத்திய இன்னொரு கையும் அந்த இரவின் போக்கைத் தீர்மானித்தன. இரண்டு வேலைகளும் தீப்பிடிப்பதற்கு வெகுகாலம் முன்பே, யாரும் கவனிக்காத ஏதோ ஒரு நாளில் முடிந்துபோனவை. இந்த வேலையைச் செய்கிறவர்தான் ஸ்பிரிங்க்ளர் டெக்னீஷியன். தமிழ்நாட்டில் இவருக்கான தேவை ஆண்டுதோறும் கூடிக்கொண்டிருக்கிறது. ஆனால், இந்தத் தொழிலுக்குள் நுழைய முறையான வாசல் இல்லை. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு அடுத்து என்ன செய்வது என்று யோசிக்கிற பிள்ளைகள் இந்தத் தொழிலைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். அரசோ இதைத் தனித் தொழிலாக ஏற்று, தேர்வு வைத்து, சான்றிதழ் கொடுக்க வேண்டும்.

வேலை எங்கே இருக்கிறது என்று தேடி அலைய வேண்டியதில்லை. பழைய மகாபலிபுரம் சாலையின் ஐடி வளாகங்கள், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துக் கிடங்குகள், மெட்ரோவின் சுரங்க நிலையங்கள், கோவையிலும் மதுரையிலும் எழும்பும் பல்நோக்கு மருத்துவமனைகள், ஜவுளிக் கடல்கள், நகைக்கடைகள், மால்கள் என எங்கே போனாலும் கூரையில் சிவப்புக் குழாயும், கைப்பிடி அளவுக்கும் குறைவான ஒரு பித்தளைத் துண்டும் தொங்குகின்றன. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019, 18.30 மீட்டருக்குமேல் உயரும் கட்டடத்தை உயரமான கட்டடம் என்று வகைப்படுத்துகிறது. அப்படிப்பட்ட கட்டடத்துக்குத் தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று தேவை. தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016இன் நான்காம் பகுதி, எந்தெந்தக் கட்டடத்தில் எந்தெந்தத் தீத்தடுப்பு ஏற்பாடு வேண்டும் என்று அட்டவணை போட்டே சொல்கிறது. இன்றைக்கு நகரத்து அடுக்ககத்தின் அடித்தளக் கார் நிறுத்தத்தில் நிமிர்ந்து பார்த்தால்கூட ஸ்பிரிங்க்ளர் கண்ணில் படும்.

இந்தப் பித்தளைத் துண்டைப் பற்றிச் சினிமா ஒரு தவறான எண்ணத்தை விதைத்திருக்கிறது. யாரோ ஒருவர் லைட்டரை மேலே காட்டுவார்; உடனே கட்டடம் முழுக்க மழை கொட்டும். உண்மையில் வழக்கமான ஸ்பிரிங்க்ளரில் ஒவ்வொரு ஹெட்டும் தனித்தனியாகத்தான் திறக்கும். ஹெட்டின் நடுவே ஒரு சிறிய கண்ணாடிக் குமிழ் இருக்கிறது. அதற்குள் நிறமேற்றிய திரவம். சூடு ஏறினால் திரவம் விரிந்து குமிழை உடைக்கும்; அடைப்பு விழும்; தண்ணீர் பாயும். நிறம் எதைக் காட்டுகிறது என்பது தொழிலுக்கு வருகிறவர் முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்ள வேண்டிய பாடம். ஆரஞ்சு 57 டிகிரி செல்சியஸ், சிவப்பு 68, மஞ்சள் 79, பச்சை 93, நீலம் 141. அலுவலகத்துக்குச் சிவப்பு போதும். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் கொதிக்கும் கிடங்கிலோ, ஓட்டல் அடுப்படியிலோ அதே சிவப்பை மாட்டினால், தீயே இல்லாமல் குமிழ் உடைந்து சரக்கு நனையக்கூடும். எந்த இடத்துக்கு எந்த நிறம் என்று முடிவு செய்ய அந்த இடத்தின் வெப்பம் தெரிந்திருக்க வேண்டும்.

அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கமான என்எஃப்பிஏ, அந்நாட்டின் தீ விபத்துப் பதிவுகளை நெடுங்காலமாக அலசிவருகிறது. ஸ்பிரிங்க்ளர் இயங்கிய விபத்துகளில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் ஒரே ஒரு ஹெட் திறந்ததோடு காரியம் முடிந்துவிடுகிறது என்று அது சொல்கிறது. ஒரு சாதாரண ஹெட் 1 பார் அழுத்தத்தில் நிமிடத்துக்குச் சுமார் 80 லிட்டர் தண்ணீர் விடும். தீயணைப்பு வீரர் கையில் பிடிக்கும் ஹோஸ் நிமிடத்துக்குப் பல நூறு லிட்டர் கொட்டும். தீ சிறியதாக இருக்கும்போதே, சரியாக அதன் தலைக்கு மேலேயே தண்ணீர் விழுவதால்தான் அந்த 80 லிட்டர் போதுமானதாகிறது.

ஸ்பிரிங்க்ளரின் வரலாறு ஒரு தொழிற்சாலையில்தான் தொடங்கியது. 1874இல் நியூ ஹேவன் நகரில் பியானோ தொழிற்சாலை வைத்திருந்த ஹென்றி பார்மலீ, தன் ஆலையைக் காப்பாற்றிக்கொள்ளத் தானியங்கி ஸ்பிரிங்க்ளரைப் பொருத்தினார். 1880களில் ஃபிரெடரிக் கிரினெல் அதை மேம்படுத்திச் சந்தைக்குக் கொண்டுவந்தார். விற்பனை பெருகியதும் குழப்பமும் பெருகியது. 1895 வாக்கில் பாஸ்டன் நகரைச் சுற்றி 100 மைலுக்குள் மட்டுமே குழாய் அளவுக்கும் ஹெட் இடைவெளிக்கும் ஒன்பது விதமான முறைகள் இருந்தன. ஒரு பிளம்பர் ஓர் ஊரில் கற்றது அடுத்த ஊரில் செல்லாது. அந்தச் சிக்கலைத் தீர்க்கக் கூட்டிய கூட்டத்திலிருந்துதான் 1896இல் என்எஃப்பிஏ பிறந்தது. பல நாடுகளில் இன்று பின்பற்றப்படும் என்எஃப்பிஏ 13 என்ற விதிநூலின் வேர் அங்கே இருக்கிறது. இந்தியாவில் ஐஎஸ் 15105 என்ற தரநூல் இருக்கிறது. ஆகவே, பொருளுக்கும் வடிவமைப்புக்கும் நூல் உண்டு. அந்த நூலைக் கையில் எடுத்து வேலை செய்கிறவருக்குத்தான் எந்த ஏற்பாடும் இல்லை.

சைட்டில் ஒரு நாள் எப்படிப் போகும்? காலையில் வரைபடத்தை விரித்து, ரைசர் எங்கே ஏறுகிறது, மெயின் எந்தப் பக்கம் ஓடுகிறது, பிராஞ்ச் லைன் எங்கே பிரிகிறது என்று பார்ப்பதில் தொடங்கும். ஏசி டக்ட்காரரும் கேபிள் ட்ரேகாரரும் ஏற்கெனவே இடம் பிடித்திருப்பார்கள். வரைபடத்தில் நேராகப் போகும் குழாய் நிஜத்தில் அவர்களைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். குழாயை வெட்டி, த்ரெட்டிங் மெஷினில் மரை போட்டு, பிசிறு எடுத்து, டெஃப்லான் டேப் சுற்றி ஏற்ற வேண்டும். பெரிய குழாய்களுக்கு வெல்டிங், அல்லது பள்ளம் வெட்டி மாட்டும் கப்ளிங். சாரத்தின் மேல் நின்று, கழுத்தை அண்ணாந்து, இரண்டு கையாலும் வேலை. பாதுகாப்புப் பெல்ட்டை மாட்டாமல் ஏறச் சொல்லும் ஒப்பந்ததாரரிடம் வேலைக்குச் சேரவே கூடாது என்பதை இந்தத் தொழிலுக்கு வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

கடைசியாக ஹெட். அதற்கென்று தனி ஸ்பேனர் இருக்கிறது. சாதாரணப் பைப் ரெஞ்ச் போட்டுத் திருகினால் சட்டம் வளையும். கண்ணுக்குத் தெரியாத கீறல் குமிழில் விழும். பழகிய ஃபிட்டர் ஹெட்டைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்ப்பார். திரவத்துக்குள் ஒரு சின்னக் காற்றுக்குமிழி மிதக்க வேண்டும். திரவம் கசிந்து கண்ணாடி வெறுமையாக இருந்தால் அந்த ஹெட் குப்பைக்குத்தான். அடியில் இருக்கும் தட்டு, கூரையிலிருந்து எவ்வளவு கீழே நிற்கிறது என்று அளப்பார். அதிகம் கீழே இறங்கிவிட்டால் கூரையை ஒட்டி ஓடும் சூடான புகை குமிழை எட்டத் தாமதமாகும். பக்கத்தில் உத்தரமோ டக்ட்டோ இருந்தால் தண்ணீர் சிதறும் பாதையை அது மறிக்குமா என்று பார்ப்பார். இத்தனையும் அரை நிமிடத்தில் கண்ணும் கையும் தாமாகச் செய்யும் வேலை. அந்தப் பழக்கம் வரச் சில ஆண்டுகள் ஆகும்.

பிறகு சோதனை. லைனில் தண்ணீரை நிரப்பி, காற்றை வெளியேற்றி, அழுத்தம் ஏற்றுவார்கள். என்எஃப்பிஏ 13 கேட்பது 200 பிஎஸ்ஐ, அதாவது சைட் பேச்சில் பதினாலு கிலோ, இரண்டு மணி நேரம். கேஜில் முள் அசையக் கூடாது. அசைந்தால் எங்கேயோ ஒழுகுகிறது. ஃபால்ஸ் சீலிங் மூடுவதற்குள் கண்டுபிடித்தாக வேண்டும். தேதி நெருக்குகிறது, உள் அலங்காரக்காரர் கத்துகிறார், மேலாளர் கையெழுத்துப் போட்டுவிடச் சொல்கிறார். அந்த இடத்தில் "முள் இறங்குகிறது, மூடாதீர்கள்" என்று சொல்லும் துணிவு ஒரு தொழிலாளிக்கு எங்கிருந்து வரும்? தன் பெயரில் ஒரு சான்றிதழும், தன் கையெழுத்துக்குச் சட்டத்தில் ஒரு மதிப்பும் இருந்தால்தான் வரும். தினக்கூலி ஹெல்ப்பரிடம் அதை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

கட்டி முடித்த பிறகுதான் உண்மையான சிக்கல் தொடங்குகிறது. ஸ்பிரிங்க்ளர் இயங்காமல் போன விபத்துகளை என்எஃப்பிஏ ஆராய்ந்தபோது, பாதிக்கும் மேற்பட்டவற்றில் காரணம் ஒன்றாகவே இருந்தது: வால்வை மூடி வைத்திருந்தார்கள். குழாய் வெடிக்கவில்லை, பம்ப் பழுதாகவில்லை, ஹெட்டிலும் குறையில்லை. ஒழுகுகிறது என்றோ, சீலிங் வேலை என்றோ யாரோ மூடினார், திறக்க மறந்தார். தண்ணீர் பாதி வழியில் நின்றுவிட்டது.

நம் ஊர்க் கட்டடங்களில் பராமரிப்புக்குப் போகும் டெக்னீஷியன்களுக்கு இது அன்றாடம் பார்க்கும் காட்சி. பண்டிகைக்கு முன்பு கடைக்கு வெள்ளையடிக்கும்போது ஹெட்டின் மேலேயும் பெயின்ட் பூசிவிடுவார்கள். பெயின்ட் பட்ட ஹெட்டைச் சுரண்டிச் சுத்தம் செய்து பயன்படுத்தக் கூடாது, மாற்றத்தான் வேண்டும். அலுவலகத்தில் புதிதாக ஃபால்ஸ் சீலிங் போட்டிருப்பார்கள். பழைய ஹெட்கள் அதற்கு மேலே இருட்டில் மாட்டிக்கொண்டிருக்கும். ஒரு பெரிய ஹாலை மூன்று அறைகளாகத் தடுத்திருப்பார்கள். நடு அறையில் ஒரு ஹெட்கூட இருக்காது. கிடங்கில் துணிப் பேல்களைக் கூரை தொடும்வரை அடுக்கியிருப்பார்கள். ஹெட்டுக்குக் கீழே 18 அங்குல இடைவெளி வேண்டும் என்ற விதி அங்கே யாருக்கும் தெரியாது. பம்ப் அறையில், லைனில் குறையும் அழுத்தத்தை ஈடுகட்டும் ஜாக்கி பம்ப் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். எங்கோ ஒழுகுகிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான அறிகுறி வேறில்லை. சத்தம் தொந்தரவு என்று காவலாளி அதை ஆஃப் செய்து வைத்திருப்பார்.

பம்ப் அறையைப் புரிந்துகொண்டவர் இந்தத் தொழிலில் பாதியைக் கற்றுவிட்டார் என்று சொல்லலாம். லைனில் அழுத்தம் சிறிது குறைந்தால் முதலில் ஜாக்கி பம்ப் எழுந்து ஈடுகட்டும். ஹெட் திறந்து அழுத்தம் மேலும் சரிந்தால் மெயின் பம்ப் தானாக ஓடத் தொடங்கும். மின்சாரம் இல்லையென்றால் டீசல் பம்ப். நம் ஊரில் பரவலாகக் காணும் அமைப்பில் ஜாக்கி நிமிடத்துக்கு 180 லிட்டர், மெயின் 2,280 லிட்டர். மெயின் பம்ப் தானாக ஓடத் தொடங்கலாம், ஆனால் தானாக நிற்கக் கூடாது. ஒரு மனிதர் வந்து, பார்த்து, தீ அணைந்துவிட்டது என்று உறுதி செய்துகொண்டு நிறுத்த வேண்டும். எந்தப் பம்ப் எந்த அழுத்தத்தில் எழ வேண்டும் என்று ஸ்விட்சைத் திருகி வைப்பதும், வாரம் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பதும், டீசலும் பேட்டரியும் இருக்கின்றனவா என்று பார்த்துப் பதிவேட்டில் எழுதுவதும் டெக்னீஷியனின் பொறுப்பு. பார்க்காமலே எழுதிய ஒரு பதிவேட்டால் எத்தனை உயிர் போகலாம் என்பதை அவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

இந்தியாவில் பெரிய தீ விபத்துகளின் பட்டியல் நீளமானது. 1997 ஜூன் 13இல் டெல்லி உப்ஹார் திரையரங்கில் 59 பேர் இறந்தார்கள். 2004 ஜூலை 16இல் கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகள். 2011 டிசம்பர் 9இல் கொல்கத்தா ஏஎம்ஆர்ஐ மருத்துவமனையில் சுமார் 90 பேர். அங்கே வாகனம் நிறுத்த வேண்டிய அடித்தளத்தில் எரியக்கூடிய பொருள்களை அடுக்கி வைத்திருந்தார்கள். 2019 மே 24இல் சூரத்தில் ஒரு பயிற்சி மையத்தில் 22 பேர், பெரும்பாலும் மாணவர்கள். 2017 மே 31 அதிகாலையில் சென்னை தியாகராய நகரில் சென்னை சில்க்ஸ் கட்டடம் பற்றி எரிந்ததையும், அதை அணைக்கத் தீயணைப்புத் துறை ஒரு நாளுக்கும் மேல் போராடியதையும், கட்டடத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்ததையும் தமிழ்நாடு முழுவதும் தொலைக்காட்சியில் பார்த்தது. இவை எல்லாவற்றையும் ஸ்பிரிங்க்ளர் ஒன்றே தடுத்திருக்கும் என்று சொல்ல முடியாது. கும்பகோணத்தில் கீற்றுக்கொட்டகையே எமனானது. ஆனால், ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் உரிமையாளர் யார், அனுமதி கொடுத்தது யார் என்று விசாரிக்கிறோம். அந்தக் கட்டடத்தின் தீத்தடுப்புச் சாதனங்களைக் கடைசியாகச் சோதித்தவர் யார், அவருக்கு என்ன பயிற்சி என்று கேட்பதே இல்லை.

சரி, இந்தத் தொழிலுக்கு வர விரும்பும் பிள்ளை எங்கே தொடங்குவது? தொழிற்பயிற்சி நிலையமான ஐடிஐ-தான் நல்ல அடித்தளம். பத்தாம் வகுப்பு முடித்தவருக்கு ஃபிட்டர் பிரிவு இரண்டு ஆண்டு. வெல்டரும் பிளம்பரும் ஓராண்டுப் படிப்பு. அரசு ஐடிஐ-யில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், பஸ் பாஸ், சீருடை எல்லாம் உண்டு. ஆண்களுக்கு 40 வயதுவரை சேர இடமிருக்கிறது. பெண்களுக்கு மேல் வயது வரம்பே இல்லை. ஃபிட்டர் படித்தவருக்கு அளவெடுக்கவும், மரை போடவும், வரைபடம் படிக்கவும் தெரிந்திருக்கும். அதற்குமேல் ஸ்பிரிங்க்ளருக்கென்று கற்க வேண்டியவற்றை இன்று எந்த வகுப்பறையும் பரவலாகச் சொல்லித்தருவதில்லை. ஆகவே, தீயணைப்பு வேலை எடுத்துச் செய்யும் நிறுவனம் ஒன்றில் அப்ரன்டீஸாகச் சேர்வது அடுத்த படி. 1961ஆம் ஆண்டு அப்ரன்டீஸ் சட்டத்தின்படி பதிவு செய்துகொண்டு சேர்ந்தால் உதவித்தொகையும், முடிவில் ஒரு சான்றும் கிடைக்கும். வெறும் ஹெல்ப்பராகச் சேர்ந்தால் இரண்டும் கிடைக்காது. சேரும் முன்பு இதை வாய்விட்டுக் கேட்டுவிடுவது நல்லது.

கணக்கைக் கண்டு பயப்பட வேண்டாம். ஒரு ஹெட்டிலிருந்து எவ்வளவு தண்ணீர் வரும் என்பதற்கு, அழுத்தத்தின் வர்க்கமூலத்தை ஹெட்டின் அளவைக் குறிக்கும் கே எண்ணால் பெருக்கினால் போதும். கே 80 ஹெட்டில் 1 பாருக்கு 80 லிட்டர். 4 பாருக்கு 160 லிட்டர். அழுத்தம் நான்கு மடங்கானால் தண்ணீர் இரண்டு மடங்குதான். பத்தாம் வகுப்புக் கணக்கு இது. இதைப் புரிந்துகொண்டவர், "அழுத்தத்தைக் கூட்டினால் எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்லும் மேஸ்திரியை மரியாதையாகத் திருத்த முடியும். ஆட்டோகேட் கற்றுக்கொண்டால் வரைபடப் பிரிவுக்குப் போகலாம். அங்கிருந்து ஹைட்ராலிக் கணக்கீடு, டிசைன் என்று படி ஏறலாம். சாரத்தில் ஏறத் தயங்கும் பெண்களுக்கும் இந்தத் தொழிலில் சோதனை, ஆய்வு, வரைபடம் என்று இடம் நிறையவே இருக்கிறது. சாரத்தில் ஏற விரும்பும் பெண்களைத் தடுக்கவும் காரணம் எதுவுமில்லை.

தொடக்க ஊதியம் பெரிதாக இருக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். கட்டடத் தொழிலில் மற்ற ஹெல்ப்பர்கள் வாங்குவதை ஒட்டித்தான் முதல் இரண்டு ஆண்டு போகும். பல மாதமாகக் குழாயில் தேங்கி நின்ற கறுத்த, நாற்றமடிக்கும் தண்ணீர், டிரெயின் வால்வைத் திறந்ததும் மேலே தெறிக்கும். அலுவலகங்களில் ஷட்டவுன் கிடைப்பது இரவில்தான்; ஆகவே தூக்கம் கெடும். தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிந்துகொள்வதை இந்தக் கட்டத்திலேயே செய்துவிட வேண்டும். மூன்று, நான்கு ஆண்டில் தனியாக ஒரு மாடியைக் கையில் எடுத்து முடிக்கும் ஃபிட்டருக்கு வேலை தேடும் கவலை இருக்காது. கட்டட வேலை சுணங்கும் காலத்திலும் பராமரிப்பு ஒப்பந்தங்கள் ஓடிக்கொண்டிருக்கும். கட்டடம் நிற்கும்வரை பம்பை ஓட்டிப் பார்த்தாக வேண்டும்.

வெளிநாட்டுக் கனவும் இதில் உண்டு. வளைகுடா நாடுகளுக்குப் பைப் ஃபிட்டராகவும் ஸ்பிரிங்க்ளர் ஃபிட்டராகவும் போகிற தமிழர்கள் ஏராளம். போகிறவர் பதிவுபெற்ற ஏஜென்ட் மூலமே போக வேண்டும். ஏஜென்ட் வாங்கக்கூடிய அதிகபட்சச் சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டி-யும்தான் என்று மத்திய அரசின் விதி சொல்கிறது. அதற்குமேல் கேட்டால் அங்கேயே நிறுத்திவிடலாம். 1978இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் இருக்கிறது. ஆனால், நம் ஆள் அங்கே போய் இறங்கும்போது கையில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. கனடாவில் ஸ்பிரிங்க்ளர் ஃபிட்டர் என்பது ரெட் சீல் முத்திரை பெற்ற தனித் தொழில். அதில் தேறியவர் எந்த மாகாணத்திலும் அந்தத் தகுதியோடு வேலை செய்யலாம். அமெரிக்காவில் ஸ்பிரிங்க்ளர் ஃபிட்டர்களுக்கென்றே இருக்கும் லோக்கல் 669 தொழிற்சங்கம் நடத்தும் அப்ரன்டீஸ் பயிற்சி ஐந்து ஆண்டு. சம்பளம் வாங்கிக்கொண்டே படித்து, ஆண்டுக்கு ஆண்டு ஊதிய உயர்வோடு வெளியே வருகிறார்கள். பதினைந்து ஆண்டு அனுபவமுள்ள நம் ஊர் ஃபிட்டருக்குக் காட்ட ஒரு காகிதம் இல்லை. அதனால், அங்கே மறுபடி ஹெல்ப்பராகவே வாழ்க்கையைத் தொடங்குகிறார். இது அநியாயம்.

காகிதம் கொடுப்பது நமக்குப் புதிய காரியமும் இல்லை. ஒரு வீட்டுக்கு ஒயரிங் செய்கிறவருக்குத் தமிழ்நாட்டில் மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் சான்றிதழ் இருக்கிறது. படிக்காமல் வேலையில் பழகியவர்களுக்கும் மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு நடத்தப்படுகிறது. செய்முறை அனுபவத்தைக் காட்டி, தேர்வெழுதி, சான்று வாங்கிக்கொள்ளலாம். பாய்லரைக் கவனித்துக்கொள்ளச் சான்று பெற்றவர் வேண்டும். நூற்றுக்கணக்கான நோயாளிகள் படுத்திருக்கும் மருத்துவமனையின் ஸ்பிரிங்க்ளர் வால்வைத் திறந்து மூடுகிறவருக்கு மட்டும் எந்தத் தேர்வும் இல்லை என்பதை எப்படி ஏற்பது?

மகாராஷ்டிரம் பாதி வழி போயிருக்கிறது. அங்கே 2006ஆம் ஆண்டின் தீத்தடுப்பு மற்றும் உயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி, இந்தச் சாதனங்களைப் பொருத்தவும் பராமரிக்கவும் உரிமம் பெற்ற நிறுவனத்தால்தான் முடியும். கட்டடத்தின் உரிமையாளர் ஆண்டுக்கு இருமுறை, ஜனவரியிலும் ஜூலையிலும், சாதனங்கள் நல்ல நிலையில் இருக்கின்றன என்று அந்த நிறுவனத்திடம் சான்று வாங்கித் தர வேண்டும். நல்ல ஏற்பாடு. ஆனால், அங்கே உரிமம் நிறுவனத்துக்குத்தான். ஏணியில் ஏறுகிற தொழிலாளிக்கு இல்லை. தமிழ்நாடு அதையும் சேர்த்துச் செய்யலாம்.

உரிமம் என்றாலே லஞ்சத்துக்கு இன்னொரு வாசல் என்று அஞ்சுகிறவர்கள் உண்டு. அந்த அச்சத்தில் நியாயம் இருக்கிறது. ஐடிஐ-களிலேயே பிராஞ்ச் லைன், அலாரம் வால்வு, ஒரு சிறிய பம்ப் என்று மாதிரி அமைப்பு ஒன்றை நிறுவி, விண்ணப்பதாரரை அதில் கைவேலை செய்யவிட்டு, அழுத்தம் ஏற்றி, முள் நிற்கிறதா என்று எல்லோர் முன்னிலையிலும் பார்த்தால் முறைகேட்டுக்கு இடம் குறையும். ஒழுகும் மூட்டைச் சிபாரிசால் அடைக்க முடியாது. ஏற்கெனவே தொழிலில் இருப்பவர்களுக்குக் கட்டணமில்லாமல், தமிழிலேயே தேர்வு வைக்க வேண்டும். தேறியவரின் பெயரும் எண்ணும் பம்ப் அறைப் பதிவேட்டில் ஒவ்வொரு சோதனைக்கும் எதிரே வர வேண்டும். தீயணைப்புத் துறை தடையின்மைச் சான்றைப் புதுப்பிக்க வரும்போது அந்தப் பதிவேட்டைத்தான் முதலில் புரட்டிப் பார்க்க வேண்டும். தமிழ்நாடு அரசின் நான் முதல்வன் திறன் பயிற்சித் திட்டத்தின் கீழ் எத்தனையோ குறுகிய காலப் பயிற்சிகள் நடக்கின்றன. ஃபிட்டர், பிளம்பர் முடித்தவர்களுக்கு ஆறு மாத ஸ்பிரிங்க்ளர் பயிற்சி ஒன்றை அதில் சேர்க்கப் புதிய சட்டம்கூடத் தேவையில்லை.

அரசு முடிவெடுக்கும்வரை குடியிருப்போர் சங்கங்களும் கடை உரிமையாளர்களும் மருத்துவமனை நிர்வாகங்களும் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. பராமரிப்பு ஒப்பந்தத்தை யார் குறைந்த தொகைக்கு எடுக்கிறார் என்று பார்ப்பதோடு நிற்காமல், வேலைக்கு வரப்போகும் டெக்னீஷியன் யார், எங்கே பயின்றார், ஆண்டு முழுக்க அதே ஆள் வருவாரா என்று கேட்கலாம். அவர் வரும் நாளில் சங்கத்துச் செயலாளர் ஒருவர் கூடவே பம்ப் அறைக்குப் போய், ஒவ்வொரு வால்வும் திறந்திருக்கிறதா என்று பார்த்து, கைப்பிடியில் சங்கிலி போட்டுப் பூட்டச் சொல்லி, சாவி யாரிடம் இருக்கிறது என்று சுவரில் எழுதி வைக்கலாம். அரை மணி நேர வேலை. சங்கிலியையும் பூட்டையும் தவிர வேறு செலவில்லை.